நூறு வாங்கினால் மூன்றரையா? சாலிகிராமத்து ஸ்டூடியோ ஒன்றின் அப்லோடு இரவு

சாலிகிராமத்தில் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோ. முடிந்த படத்தின் டிசிபியை, அதாவது தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் பிரதியை, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு லேபுக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். அட்டவணையில் அந்த வேலைக்கு ஒதுக்கியிருந்தது ஒரு மணி நேரம். ஆனது ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் போட்டபடியே விட்டிருந்தால் பதினைந்து மணி நேரம் ஆகியிருக்கும். அன்று இரவு ஐஎஸ்பியோடு, அதாவது இணைய இணைப்பு தரும் நிறுவனத்தோடு, ஒரு சண்டை, ஒரு விமான டிக்கெட் செலவு. அடுத்த நாள் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) லைனுக்குக் கொட்டேஷன் வந்துவிட்டது. அதில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்லோடு மென்பொருளின் லாக், ஐஎஸ்பி கொடுத்த கிராஃப், அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் பறந்த செய்திகள் ஆகியவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டூடியோ பெயரும் ஐஎஸ்பி பெயரும் போட வேண்டாம் என்பது அவர்களோடு பேசிக்கொண்டது. எண்களை அப்படியே போடலாம் என்றார்கள்.

ஃபைல் எவ்வளவு பெரியது

படம் 2 மணி 35 நிமிடம், நொடிக் கணக்கில் 9,300. டிசிபியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி ஜேபெக் 2000 படம். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து வகுத்த டிசிஐ விதிப்படி, நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் 2கே (அகலம் சுமார் 2,000 புள்ளி) படத்தில் ஒரு ஃபிரேம் 1,302,083 பைட்டைத் தாண்டக் கூடாது. அதை 24-ஆல் பெருக்கி, ஒரு பைட் எட்டு பிட் என்பதால் பிறகு 8-ஆல் பெருக்கினால் நொடிக்கு 250 மெகாபிட்டுக்கு ஒரு முடி குறைவாக வரும். மாஸ்டரிங் செய்பவர்கள், அதாவது இந்தக் கடைசிப் பிரதியைத் தயாரிப்பவர்கள், ‘250-க்குள்ள வெச்சுக்கோ’ என்று சொல்வது இதைத்தான். இந்தப் படத்தின் சராசரி 160 மெகாபிட்.

160 மெகாபிட் என்றால் நொடிக்கு 20 மெகாபைட். 9,300 நொடிக்கு 186 ஜிபி. ஆறு சேனல் ஒலி, நொடிக்கு 48,000 சாம்பிள், சாம்பிளுக்கு 24 பிட்: அது 6.912 மெகாபிட். படம் முழுக்க 8 ஜிபி. மொத்தம் 194 ஜிபி.

இங்கேயே ஒரு கவனிப்பு. இதே ஸ்டூடியோவில் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட் அறையில் யாரும் பிட் கணக்குப் பேசுவதில்லை. அங்கே 2கே டிபிஎக்ஸ் (சுருக்காத பட வடிவம்) ஃபிரேம் ஒன்று 8.8 மெகாபைட், நொடிக்கு 24 போனால் 212 மெகாபைட். ஸ்டோரேஜ் பெட்டி ‘800 எம்பி தரும்’ என்றால் 800 மெகாபைட். அதே கட்டடத்தில் இரண்டு அறை தள்ளி மாஸ்டரிங் மேசையில் ‘250 எம்பி’ என்றால் மெகாபிட். இருவரும் எம்பி என்றே சொல்கிறார்கள், அவரவர் வேலையில் அது சரியாகவே நடக்கிறது. ஃபைல் கட்டடத்தை விட்டு வெளியே போகும்போதுதான் சிக்கல்.

ஒரு மணி நேரம் என்று யார் சொன்னது

ஸ்டூடியோவில் 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகம், யாரோடும் பங்கு கிடையாது. போஸ்ட் புரொடக்‌ஷன் மேனேஜர் தன் எக்செல் தாளில் 194 ஜிபியை 100-ஆல் வகுத்தார். 1,940 நொடி, 32 நிமிடம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் என்று போட்டார். 100-ஐ மெகாபைட் என்று எடுத்துக்கொண்டதால் எட்டு மடங்கு பிசகு.

அவரைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை. ஏனென்றால் அந்த 32 நிமிடத்தை உறுதிப்படுத்துவது போலவே ஒரு காரியம் அன்று மாலை அவர் கண் முன்னால் நடந்தது. மாஸ்டரிங் மெஷினிலிருந்து அப்லோடு மெஷினுக்கு ஆபீஸ் லேனில், அதாவது கட்டடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்கில், டிசிபியைக் காப்பி செய்தார்கள். அது ஜிகாபிட் லேன். திரையில் 113 எம்பி என்று காட்டியது. அரை மணிக்குள் முடிந்தது. ‘113-க்கு அரை மணி, 100-க்கு இன்னும் கொஞ்சம் கூட’ என்று யாருக்கும் தோன்றும். ஜிகாபிட் என்றால் 1000 மெகாபிட், அதை எட்டால் வகுத்ததுதான் திரையில் தெரிந்தது, லீஸ்டு லைனின் 100 இன்னும் வகுபடாத எண் என்பதை அந்தத் திரை எங்கேயும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் போதும் என்றதும் இயக்குநர் நான்காவது ரீலில் இரண்டு ஷாட்டின் நிறத்தை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். லேபின் கெடு நம் நேரப்படி காலை 6 மணி, சிங்கப்பூரில் 8.30. இரவு ஒன்பதரைக்கு ஃபைல் தயார். அவசரமே இல்லை.

அப்போதுதான் 13 ஜிபி தொலைந்தது.

மாஸ்டரிங் மெஷின் ஆப்பிள். அங்கே ஃபோல்டர் 194 ஜிபி. அப்லோடு மெஷின் விண்டோஸ். இங்கே அதே ஃபோல்டர் 180.7 ஜிபி. உதவியாளர் தம்பி பதறிப்போய், பாதியில் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டி, முழுவதையும் அழித்து மறுபடி காப்பி போட்டார். இன்னொரு அரை மணி. மறுபடியும் 180.7. ஃபைல் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

ஒரு பைட்கூடத் தொலையவில்லை. ஆப்பிள் 2009-லிருந்து ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1024-ஐ மூன்று தடவை பெருக்கி, 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. இந்த இரண்டாவது அளவுக்கு கிபிபைட், மெபிபைட், கிபிபைட்டின் அண்ணன் ஜிபிபைட் என்று தனிப் பெயர்களை ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு 1998-லேயே வைத்துவிட்டது. விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை. ஜிபி அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் 7.4 சதவீதம், டிபிக்குப் போனால் பத்து சதவீதத்தைத் தொடும். ஒரு டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி 931 என்று பார்த்து ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் பலர் உண்டு.

இரவு 10.05 முதல் 12.40 வரை

அப்லோடு தொடங்கியது. திரையில் வேகம் 3.47 எம்பி, மீதி நேரம் 14 மணி 48 நிமிடம். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போக வேகம் பிடிக்கும் என்று விட்டார்கள். பதினொன்று ஆனபோதும் 3.47. மேனேஜர் ஐஎஸ்பியின் நெட்வொர்க் மையத்துக்குப் போன் போட்டார்.

“என்ன சார், நூறுன்னு காசு வாங்கிட்டு மூணரை தர்றீங்க? நாளைக்குப் படம் ரிலீஸ் சார்.”

“சார், நான் கிராஃப் பார்த்துட்டுதான் பேசறேன். உங்க லைன்ல முப்பது ஓடுது. நூறு வரைக்கும் ஓபனாதான் இருக்கு.”

“முப்பதா? என் கண் முன்னாடி மூணரைன்னு இருக்கு!”

“சார், ஸ்பீடு டெஸ்ட் ஒண்ணு போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க.”

போட்டார்கள். 94. ஆக ஒரே லைனுக்கு மூன்று எண்: 3.47, 30, 94. மூன்றும் உண்மை. மேனேஜருக்கோ ஐஎஸ்பிக்காரர்கள் ஸ்பீடு டெஸ்டுக்கு மட்டும் வழி திறந்துவிடுகிறார்கள் என்று சந்தேகம் வந்துவிட்டது. பதினொன்றரைக்கு ஒரு பையனை டிசிபியின் சேஃப்டி காப்பி இருந்த ஹார்டு டிஸ்கோடு மீனம்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு ஐஎஸ்பி பக்கம் ஷிஃப்ட் மாறி, வேறொருவர் போனை எடுத்தார். அவர் கேட்ட ஒரே கேள்விதான் அந்த இரவைக் காப்பாற்றியது: “ஒரு ஃபைலா போகுதா சார், பல ஃபைலா?” டிசிபி ரீல் ரீலாகப் பிரிந்தே இருக்கும். ஆனால் மென்பொருள் ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தது. நான்கு ரீலை ஒரே நேரத்தில் போகும்படி மாற்றிவிட்டு 12.40-க்கு மறுபடி ஓட விட்டார்கள். திரையில் கூட்டு வேகம் 11.3-க்குத் தாவியது. கடைசி ரீல் தனியாக ஓடும்போது மட்டும் மறுபடி இறங்கியது. 4.50-க்கு முடிந்தது. ஒவ்வொரு ஃபைலின் ஹாஷும் (ஃபைலின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) பட்டியலோடு ஒத்துப்போகிறது என்று லேபிலிருந்து செய்தி வந்தபோது மணி 5.40.

28.8 மடங்கு எங்கே போனது

மேனேஜரின் புகாரை அப்படியே எடுத்துக்கொள்வோம். 100 வாங்கினேன், 3.47 வருகிறது. 100-ஐ 3.47-ஆல் வகுத்தால் 28.8. இவ்வளவு பெரிய ஓட்டை என்றால் லைன் அறுந்திருக்க வேண்டும், இல்லை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இந்த 28.8 ஒரே காரணத்தால் வந்ததல்ல. நான்கு எண்களின் பெருக்குத் தொகை அது.

முதலாவது 8. பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ளது. தொலைத்தொடர்புக்காரர்கள் எப்போதும் பிட்டில் பேசுவார்கள், ஃபைல் மென்பொருள் பைட்டில் பேசும்.

இரண்டாவது 1.049. மென்பொருள் எம்பி என்று எழுதியிருந்தாலும் காட்டியது மெபிபைட், 1024-ஐ 1024-ஆல் பெருக்கிய 10,48,576 பைட். உண்மையில் ஓடியது நொடிக்கு 3.64 மெகாபைட்.

மூன்றாவது 1.053. லைனில் ஃபைல் சிறு துண்டுகளாக, பாக்கெட்டுகளாகப் போகும். ஈதர்நெட் என்ற கேபிள் முறையில் ஒரு பாக்கெட் 1,500 பைட். அதில் 40 பைட், முகவரி போன்ற விவரங்கள் உள்ள ஐபி, டிசிபி தலைப்புகளுக்குப் போக ஃபைலுக்குக் கிடைப்பது 1,460. பாக்கெட்டைச் சுற்றி ஈதர்நெட் தன் பங்குக்கு, இரண்டு பாக்கெட்டுக்கு நடுவிலான இடைவெளியையும் சேர்த்து, 38 பைட் வைக்கிறது. ஆக லைனில் 1,538 பைட் நேரம் செலவானால் ஃபைலுக்குச் சேர்வது 1,460. நூறில் 94.9. ஸ்பீடு டெஸ்ட் 94 காட்டியது இதனால்தான். நூறு காட்டினால்தான் ஆச்சரியப்பட வேண்டும். (பெயர்க் குழப்பத்துக்கு மன்னிக்கவும். இந்தப் பத்தியின் டிசிபி இணைய நெறிமுறை, தியேட்டர் பிரதி அல்ல. அன்றிரவு வாட்ஸ்அப்பிலும் இதே குழப்பம் இருந்தது.)

இந்த மூன்றும் அளவு மாற்றக் கணக்குகள். எந்த நாளும், எந்த லைனிலும் இருப்பவை. 28.8-ஐ இவற்றால் வகுத்துவிட்டால் மிஞ்சும் நான்காவது எண் 3.26. அன்றிரவு நிஜமாகவே இருந்த கோளாறு இது ஒன்றுதான்.

அது என்ன? சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வங்கக் கடலுக்கு அடியில் ஐ2ஐ, டிஐசி போன்ற கேபிள்கள் போகின்றன. நீளம் மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டரை ஒட்டி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும், ஆகவே போய்த் திரும்ப 32 மில்லிநொடி. இந்த ஸ்டூடியோவிலிருந்து லேப் வரை பிங் போட்டால், அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால், 36. அப்லோடு மென்பொருளில் பஃபர் 128 கிபிபைட் என்று அமைத்திருந்தார்கள். அதாவது 1,31,072 பைட்டை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதில் வரும் வரை காத்திருக்கும். 36 மில்லிநொடிக்கு ஒரு தடவை 1,31,072 பைட் என்றால் நொடிக்கு 36.4 லட்சம் பைட். எட்டால் பெருக்கினால் 29.1 மெகாபிட். ஐஎஸ்பி கிராஃபில் தெரிந்த முப்பது இதுதான், பாக்கெட் தலைப்புகளும் சேர்ந்த கணக்கு அது.

ஸ்பீடு டெஸ்ட் சென்னைக்குள்ளேயே இருக்கும் சர்வரோடு, பல இணைப்புகளைத் திறந்து பேசுகிறது. அதற்கு இந்தத் தடை கிடையாது. நான்கு ரீல் ஒன்றாகப் போனபோது நான்கு 29.1 சேர்ந்து நூறைத் தாண்டுவதால் லைன் நிரம்பிவிட்டது.

என் பார்வையில் அந்த இரவின் பெரிய நஷ்டம் எட்டு மடங்குப் பிழையால் அட்டவணை பிசகியது அல்ல. அது கெட்டதுதான், ஆனால் சமாளிக்கக் கூடியது. சரியாக மாற்றியிருந்தால் எதிர்பார்ப்பு 4 மணி 32 நிமிடம், திரையில் 14 மணி 48 நிமிடம். மூன்று மடங்குக்குச் சற்று கூட என்று தெரிந்த நொடியே, லைன் உயிரோடு இருக்கிறது, ஏதோ அளவோடு தடுக்கிறது என்று அனுபவம் உள்ள யாரும் சொல்லிவிடுவார்கள். 28.8 அப்படி எதையும் சொல்லாது. இரண்டரை மணி நேரம் பேச்சு முழுக்க அந்த எட்டைச் சுற்றியே நடந்தது. முதலில் பேசிய ஐஎஸ்பி பொறியாளர், “உங்க மூணரையை எட்டால பெருக்குங்க சார், என் முப்பது வரும்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்குத் தெரியாமல் இருக்காது. கேட்பவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

பழைய லைன், விமானம்

இந்த ஸ்டூடியோவில் முன்பு 2 எம்பி லைன் இருந்ததாம், இ1 என்ற பழைய தொலைபேசி வகை. அதன் வேகம் 2.048 மெகாபிட். இந்த எண்ணைப் பார்த்து, தொலைத்தொடர்பிலும் 1024 கணக்குதான் என்று அவர்களுடைய கணினி ஆள் என்னிடம் வாதாடினார். இல்லை. தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 தடவை, தடவைக்கு 8 பிட்டாக அளந்தால் 64,000 பிட். அப்படி 32 வழிகள் சேர்ந்தது இ1. 32-ஐ 64,000-ஆல் பெருக்கினால் 20,48,000. கிலோ இங்கே சுத்தமான ஆயிரம். அமெரிக்க டி1-இல் 24 வழியோடு, பிரித்தறிய நொடிக்கு 8,000 பிட்டும் சேர்வதால் 1.544 என்று வருகிறது, அதில் யாருக்கும் 1024 சந்தேகம் வராது. அந்த இ1-இல் இந்தப் படத்தை அனுப்பியிருந்தால் ஒன்பது நாளுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகியிருக்கும். படத்தை லைனில் அனுப்பலாம் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் வராததால் இந்தக் கணக்கையும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. டிஸ்க், பெட்டி, ஆள், அவ்வளவுதான்.

மீனம்பாக்கம் போன பையனின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், எனக்கே ஆர்வம். சிங்கப்பூர் விமானம் நான்கேகால் மணி நேரம் பறக்கிறது. 194 ஜிபியை அந்த நேரத்தில் வகுத்தால் நொடிக்கு 101 மெகாபிட். லீஸ்டு லைனும் விமானமும் சரிசமம்! ஆனால் சாலிகிராமத்தில் கிளம்பியதிலிருந்து லேப் வாசலில் நிற்கும் வரை எட்டேகால் மணி நேரம். அப்போது 52 மெகாபிட். அவர் போய்ச் சேரும்போது நம் நேரம் 7.45, கெடு முடிந்து ஒன்றே முக்கால் மணி நேரம். அடுத்த ஸ்லாட்டுக்காவது உதவும் என்றுதான் அனுப்பினார்கள். டிஸ்கை யாரும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு படத்துக்குப் பதில் பத்துப் படம் அந்தப் பெட்டியில் இருந்திருந்தால் விமானம் லைனை ஐந்து மடங்குக்கு மேல் தோற்கடித்திருக்கும். ஹார்டு டிஸ்கை வைத்துக்கொண்டு காலாவதி என்று சிரிப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

செய்தது என்ன

200 எம்பிபிஎஸ் லைன் வாங்க வேண்டாம் என்றேன். ஒரே ஃபைலாக, அதே பஃபரோடு அனுப்பினால் 200-லும் 29.1-தான் வரும். ஆயிரம் எம்பிபிஎஸ் வாங்கினாலும் அதே.

100 மெகாபிட்டை 36 மில்லிநொடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் 4,50,000 பைட். லைன் நிரம்ப, எந்த நேரமும் வழியில் இருக்க வேண்டிய அளவு அது. பஃபரை ஒரு மெபிபைட்டுக்கு உயர்த்தினோம். ஒரே ரீலை அனுப்பிப் பார்த்தபோது திரையில் 11.3 வந்தது. 94.9-ஐ எட்டால் வகுத்தால் 11.87 மெகாபைட், மெபிபைட்டில் 11.3. ஒத்துப்போகிறது.

எக்செல் தாளில் இனி அளவு எல்லாம் 100 கோடி பைட்டை ஒன்றாக எண்ணும் ஜிபியில், வேகம் எல்லாம் மெகாபிட்டில். விண்டோஸ் காட்டும் எண்ணை நேராக எழுதக் கூடாது, 1.074-ஆல் பெருக்கி எழுத வேண்டும். ஆனால் எக்செல் தாளை இரவு பத்து மணிக்கு யார் திறக்கப்போகிறார்கள்? அதனால் மேனேஜருக்கு ஒரே ஓர் எண்ணைக் கொடுத்தேன்: இந்த லைனில் ஒரு ஜிபிக்கு 84 நொடி. மணிக்கு 42 ஜிபி என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார். இயக்குநர் கடைசி நேரத்தில் இன்னொரு ஷாட்டை மாற்றச் சொன்னால், “சார், மணிக்கு நாப்பத்திரண்டு ஜிபிதான் போகும், மொத்தம் அஞ்சு மணி நேரம் வேணும்” என்று சொல்ல அது வசதி.

அடுத்த படம் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறது. அங்கே பிங் 240 மில்லிநொடி. இப்போதைய ஒரு மெபிபைட் பஃபரில் ஒரு ரீலுக்கு 35 மெகாபிட்டுக்கு மேல் வராது. 100 நிரம்ப 30 லட்சம் பைட் வேண்டும். நான்கு மெபிபைட்டாக மாற்றி, முதலில் ஒரு டிரெய்லரை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். லேப் பக்கத்து சர்வரும் அந்த அளவை ஏற்க வேண்டும். அதற்கு மெயில் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.